சாஸ்தா கோயில் வாட்ஸ்அப் குழுவில் செய்திகளை நிறுத்தலாமா?

தாமிரபரணிக்காரன்:

எங்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு யார் எந்த வண்டியில் வருகிறார்கள், பொங்கலுக்கு அரிசி எத்தனை படி, குடும்ப வரியை யாரிடம் கட்டுவது என்பவற்றைப் பேசிக்கொள்வதற்காக 2016-இல் 30 பேருடன் நான் தொடங்கிய குழு அது. இன்று அதில் 200-க்கும் மேற்பட்ட உறவினர்கள் இருக்கிறார்கள். அம்பாசமுத்திரம் முதல் மஸ்கட் வரை பரவிக் கிடக்கிறார்கள். கோயில் தொடர்பான பேச்சு அதில் ஆண்டுக்கு மூன்று வாரம் நடக்கிறது. மீதி நாட்களில் அது ஒரு செய்தி நிறுவனத்தைப் போல இயங்குகிறது: காலையில் சாமி படம், பத்து மணிக்கு மருத்துவக் குறிப்பு, மதியம் அரசியல், இரவில் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு மதத்தார் ஏதோ செய்துவிட்டதாக ஒரு காணொளி.

அட்மின் மட்டுமே பதிவிட முடியும்படி குழுவைப் பூட்டிவிடலாமா என்று இரண்டு வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வசதி 2018-ஆம் ஆண்டின் நடுவிலேயே வந்துவிட்டது. ஒரு பொத்தானைத் தொட்டால் போதும். ஆனாலும் கை போகவில்லை. இங்கே இதே நிலையில் இருப்பவர்கள் பலர் இருப்பீர்கள் என்பதால் கேட்கிறேன்.

கேட்பதற்கு முன் என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என் கருத்து அதிலிருந்துதான் வருகிறது. பதினைந்து ஆண்டுகளாக மென்பொருள் துறையில் இருக்கிறேன். அதில் நான்கு ஆண்டுகள் ஒரு செய்திச் செயலியில், கைபேசித் திரையின் மேல் வந்து விழும் நோட்டிஃபிகேஷன்களை அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரே செய்திக்கு இரண்டு தலைப்புகள் எழுதி, முதல் சில நிமிடங்களில் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் இரண்டையும் பிரித்து அனுப்பி, எதை அதிகம் பேர் தொட்டுத் திறக்கிறார்களோ அதையே மற்ற எல்லோருக்கும் அனுப்புவது அங்கே வழக்கம். எழுதியவருக்கு எந்தத் தலைப்பு நேர்மையானது என்று தெரிந்திருக்கும். எண்ணிக்கைக்கு அது தெரியாது. அச்சமூட்டும் தலைப்பும், 'உங்கள் ஆட்களுக்கு' ஏதோ நேர்ந்துவிட்டது என்று குறிப்பால் உணர்த்தும் தலைப்பும் பெரும்பாலும் வென்றதை நான் டேஷ்போர்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே செயலியில் பிரதோஷத்தன்று போகும் கோயில் செய்திக்கும் நல்ல வரவேற்பு உண்டு. பக்தியால் தொட்ட விரலும் பயத்தால் தொட்ட விரலும் எங்கள் கணக்கில் ஒரே எண்ணாகத்தான் பதிவாயின. அந்த வேலையை விட்டதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இது என் மனத்தை இன்றுவரை உறுத்துகிறது.

இப்போது குழுவுக்கு வருகிறேன். செயலியில் வரும் செய்தியைப் படிப்பவருக்கு, அனுப்புவது ஒரு நிறுவனம் என்ற நினைவாவது இருக்கும். குலதெய்வக் குழுவில் வரும் செய்தியைப் பெரியப்பா அனுப்புகிறார். பங்குனி உத்திரத்தன்று நெற்றியில் மஞ்சணை பூசிவிடுகிற அதே கை. அவர் அனுப்பியதைச் சந்தேகிப்பது அவரையே சந்தேகிப்பது போலாகிவிடும் என்று இளையவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். மூத்தவர்களோ, நம் வீட்டுப் பிள்ளைகள் படித்தவர்கள், தவறென்றால் சொல்லியிருப்பார்கள் என்று நம்பிக்கொள்கிறார்கள். இப்படி இரண்டு மௌனங்களுக்கு நடுவே ஒரு பொய் மரியாதையோடு உட்கார்ந்துகொள்கிறது. வழிபாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த நம்பிக்கையைச் செய்தி கடன் வாங்குகிறது. திருப்பிக் கொடுப்பதே இல்லை.

2023 மார்ச்சில் நடந்ததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தேடித்தேடி அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வடக்கே ஒரு புரளி கிளம்பியது நினைவிருக்கும். வேறு இடங்களில் வேறு காரணங்களுக்காக நடந்த மோதல்களின் காணொளிகளை ஒட்டுப்போட்டுப் பரப்பியிருந்தார்கள். காவல்துறை மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்தது. என் பெரியப்பா மகன் திருநெல்வேலியில் பலகாரக் கடை வைத்திருக்கிறார். அவர் கடையில் வேலை பார்த்த இரண்டு பீகார் இளைஞர்கள், ஊரில் தாய் அழுகிறாள் என்று சொல்லி, ஹோலிக்கு முன்பே ரயிலேறிவிட்டார்கள். போகும்போது தங்கள் கைபேசியில் வந்த காணொளியைக் காட்டினார்கள். அதே காணொளி முந்தின நாள் எங்கள் சாஸ்தா குழுவிலும் வந்திருந்தது. அவர்களுக்கு வந்ததில், அடிபடுகிறவர்கள் பீகாரிகள் என்று இந்தியில் எழுதியிருந்தது. எங்களுக்கு வந்ததில், வடக்கிலிருந்து வந்தவர்கள் நம் ஆட்களை அடிப்பதாகத் தமிழில் எழுதியிருந்தது. ஒரே படத்தைப் பார்த்து அந்தத் தாயும் அழுதாள், எங்கள் அத்தையும் அழுதாள்.

குழுவின் பெயர்ப் படமாக எங்கள் சாஸ்தாவின் படம் இருக்கிறது. அந்தப் படத்துக்குக் கீழே இது நடந்ததை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பூட்டலாமா, வேண்டாமா?

பல்லாவரத்து ஆசிரியை:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தபோது 2018 மே மாதம்தான் நினைவுக்கு வந்தது. சென்னையிலிருந்து உறவினர்களோடு குலதெய்வம் கும்பிடத் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம் போன அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், வழியில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊர் திரண்டு அடித்ததில் அவர் இறந்துபோனார். அதற்கு முந்தைய வாரங்களில் வட மாவட்டங்கள் முழுவதும், வடநாட்டிலிருந்து கடத்தல் கும்பல் இறங்கியிருப்பதாகக் குரல் பதிவுகளும் காணொளிகளும் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த அம்மாவும் நம்மைப் போலக் குலதெய்வக் கோயிலுக்குப் போனவர்தாம். கோயிலுக்குப் போகிற வழியில் குழந்தையின் கையில் ஒரு மிட்டாய் வைக்காத பெண் நம் வீடுகளில் யார்? நான் வைத்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் பூட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு காரணங்கள்.

ஒன்று, அந்தக் குழுவுக்கு உள்ளேயும் ஒரு வழிபாடு நடக்கிறது. 2020 மே மாதம் 4-ஆம் தேதி மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் யாரும் இல்லாமல் நடந்து, இணையத்தில் நேரலையாக வந்தது. எண்பது வயதைக் கடந்த என் தாயார், கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, அதன் முன் விளக்கேற்றி உட்கார்ந்தார். திருமாங்கல்யம் பூட்டிய நேரத்தில் எங்கள் குடும்பக் குழுவில் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் புது மஞ்சள் சரடு மாற்றிக்கொண்ட படத்தைப் பகிர்ந்தார்கள். அந்த ஆண்டு எங்களுக்குத் திருவிழா என்றால் அதுதான். நோயும் பயமும் சூழ்ந்த காலத்தில் அந்தப் படங்கள் ஒவ்வொன்றும், இன்னார் வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிவித்தன. தினமும் காலையில் சாமி படம் அனுப்புகிற முதியவர், நான் எழுந்துவிட்டேன் என்றுதான் சொல்கிறார். பூட்டினால் அவர் குரலும் நின்றுபோகும்.

இரண்டாவது காரணம் சற்றுக் கடுமையானது. கோயில் என்றால் வரி உண்டு. வரி என்றால் கணக்கு உண்டு. அட்மின் மட்டுமே பேசலாம் என்று ஆகிவிட்டால், போன வருடக் கொடைக்கு வந்த பணம் எங்கே என்று கேட்க நினைக்கும் ஏழை உறவினர் எங்கே போய்க் கேட்பார்? புரளியைத் தடுக்கப் போட்ட பூட்டு கேள்வியையும் தடுக்கும்.

தாமிரபரணிக்காரன்:

அம்மா, கணக்குக் கேட்பவரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. சென்ற ஆண்டு மண்டபக் கூரைக்குத் தகரம் வாங்கிய விலையைக் குழுவில் கேட்டவர் ஆட்டோ ஓட்டும் என் சித்தப்பாதான். நேரில் கேட்டிருந்தால் அவரைப் பேசவிட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் சொன்னது சரி.

பொறியாளர் 84:

நான் இதைச் சட்டத்தின் பக்கமிருந்து பார்க்கிறேன். குழுவைப் பூட்டுவதும் பூட்டாததும் உறவினர்களிடையே தீர்த்துக்கொள்ளும் சில்லறை ஏற்பாடு. புரளியை முதலில் எழுதியவன் யார் என்று கண்டுபிடிக்கும் வழி இல்லாத வரை எதுவும் மாறாது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கு, பிறகு வாட்ஸ்அப் செய்தியின் மூலத்தைக் கண்டறிய முடியுமா என்ற கேள்வியாக மாறியது. ஐஐடி மெட்ராஸின் பேராசிரியர் காமகோடி, முதலில் அனுப்பியவரின் தொலைபேசி எண்ணைச் செய்தியோடு சேர்த்தே அனுப்பலாம், விரும்பினால் அதை மறையாக்கம் செய்து வைத்து நீதிமன்றம் கேட்கும்போது மட்டும் திறக்கலாம் என்று அந்த வழக்கில் ஒரு வழி சொன்னார். 2021-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதிகளும் முதலில் அனுப்பியவரைக் கண்டறியும் வசதியைக் கோரின. அதை எதிர்த்து வாட்ஸ்அப் நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. தொழில்நுட்பத்தால் வந்த நோய்க்குத் தொழில்நுட்பத்திலேயே மருந்து இருக்கும்போது, பெரியப்பாவிடம் பேசிப் பார்ப்பது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. போளூரில் இறந்த அம்மாவுக்கு நீதி வேண்டுமென்றால் அந்தக் குரல் பதிவின் முதல் குரலைப் பிடிக்க வேண்டும்.

கிழக்குக் கரை:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். முதல் குரலைப் பிடித்தால் போதும் என்று சொல்பவருக்கு எங்கள் நாட்டில் நடந்ததைச் சொல்ல விரும்புகிறேன்.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் வெள்ளையாக ஏதோ கட்டி இருப்பதாகச் சிங்கள வாடிக்கையாளர் ஒருவர் சத்தமிட்டார். சிங்களவர்களை மலடாக்க முஸ்லிம் கடைகளில் மாத்திரை கலக்கிறார்கள் என்ற கதை அதற்கு முன்பே பேஸ்புக்கில் ஊறிப்போயிருந்தது. கூட்டம் கூடி, மாத்திரை போட்டாயா என்று கேட்டபோது, கடையிலிருந்தவருக்குச் சிங்களம் சரியாக விளங்கவில்லை. ஆம் என்று சொல்லிவிட்டார். அதைக் கைபேசியில் பதிந்து பரப்பினார்கள். அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தக் கட்டி வெறும் மாவுதான் என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு அறிக்கை கொடுத்தார். ஒரு வாரத்துக்குள் கண்டி மாவட்டம் திகனவில் வேறொரு சம்பவத்தைத் தொட்டுக் கலவரம் மூண்டது. அவசரகால நிலை வந்தது. பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020-இல் மன்னிப்புக் கேட்டது.

இதில் முதல் குரல் யாருடையது? காணொளியை முதலில் ஏற்றியவனைப் பிடிக்கலாம். ஆனால் அந்தக் காணொளியில் 'ஆம்' என்று சொன்ன குரல், மொழி விளங்காமல் நடுங்கிக்கொண்டு நின்ற ஒரு தமிழ் பேசும் மனிதனுடையது. மாத்திரைக் கதையைத் தம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பல மாதங்களாகச் சொல்லிவந்த ஆயிரம் பேரை எந்தத் தொலைபேசி எண்ணைக் கொண்டு பிடிப்பது?

முடக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று எங்கள் ஊர் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது நான் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். நாடு முழுவதும் 250-க்கும் மேற்பட்டோர் இறந்த நாள் அது. எங்கள் தேவாலயத்தில் இறந்தவர்களில் பிள்ளைகள் பலர். அன்றே சமூக ஊடகங்களை முடக்கினார்கள். புரளி பரவாமல் இருக்கத்தான் முடக்கினார்கள் என்று தெரியும். அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் என் அக்காவின் பிள்ளைகள் அன்று ஞாயிறு வகுப்புக்குப் போனார்களா இல்லையா என்று அறிய எனக்கு நான்கு மணி நேரம் ஆனது. தொலைபேசி இணைப்புகள் நெருக்கியடித்தன. வழக்கமாகக் குழுவில் ஒரு வரியில் வந்திருக்கும் செய்தி வரவில்லை. மூன்று வாரம் கழித்து, மே மாதம் சிலாபத்தில் முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய பேஸ்புக் வரி ஒன்று மிரட்டலாக விளங்கிக்கொள்ளப்பட்டு மறுபடியும் கடைகள் எரிந்தன, மறுபடியும் முடக்கினார்கள். முடக்கம் எங்களைக் காப்பாற்றியதா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எங்கள் தெருவைக் காப்பாற்றியது, எங்கள் குருவானவரும் பக்கத்துப் பள்ளிவாசல் மௌலவியும் ஒருவருக்கொருவர் நேரடியாகத் தொலைபேசியில் பேசி, இன்ன இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று தத்தம் மக்களிடம் தம் வாயாலேயே சொன்னதுதான். அதை நான் கண்டேன்.

தாமிரபரணிக்காரன்:

கிழக்குக் கரை நண்பருக்கு, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அக்காவின் பிள்ளைகள் நலமாக இருந்தார்கள் என்று நம்புகிறேன்.

பொறியாளர் 84 அவர்களுக்கு என் துறை சார்ந்த பதிலைச் சொல்ல வேண்டும். 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப்பில் செல்லும் செய்தி, அனுப்புபவர் கைபேசியில் பூட்டப்பட்டு, பெறுபவர் கைபேசியில்தான் திறக்கப்படுகிறது. நடுவில் உள்ள சர்வருக்கு உள்ளே இருப்பது தெரியாது. மூலத்தைக் கண்டறிய, ஒவ்வொரு செய்தியோடும் ஓர் அடையாளத்தை ஒட்டிவிட வேண்டும் என்கிறீர்கள். அந்த அடையாளம் ஃபார்வர்டு பொத்தானை அழுத்தும் வரைதான் நிலைக்கும். ஒருவர் எழுத்தை நகலெடுத்துப் புதிதாக ஒட்டினாலோ, காணொளியைச் சேமித்து இரண்டு நொடி வெட்டிவிட்டு அனுப்பினாலோ, சங்கிலி அங்கே அறுந்து, அவரே 'முதல்வர்' ஆகிவிடுவார். 2018-இல் இந்தியா முழுவதும் சுற்றிய கடத்தல் காணொளி ஒன்று, கராச்சியில் பெற்றோரை எச்சரிப்பதற்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். தூக்கிய குழந்தையைத் திரும்ப விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டியிருந்தார்கள். அதன் மூலத்தைத் தேடிப் போனால், குழந்தைகளைக் காக்க நினைத்தவர்களிடம்தான் போய் நிற்போம்.

இன்னொன்றும் உண்டு. புரளியாளனைப் பிடிக்க ஒட்டும் அடையாளம், ஊழலை அம்பலப்படுத்த ஓர் ஆவணத்தை அனுப்பும் எழுத்தரின் செய்தியிலும் ஒட்டியிருக்கும். யாருடைய கையில் எப்போது அது திறக்கப்படும் என்பதை உங்களாலும் என்னாலும் உறுதிசெய்ய முடியாது.

பரவும் வேகத்தைக் குறைத்ததில் பயன் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தார்கள். 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கினார்கள். அதன்பின் அவ்வகைச் செய்திகள் பரவுவது 70% குறைந்ததாக நிறுவனமே சொன்னது. யாருடைய செய்தியையும் படிக்காமல், யாருடைய எண்ணையும் ஒட்டாமல் செய்த மாற்றம் அது. விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவே ஒரு நொடி தாமதம் வைத்தால் மனிதன் கொஞ்சம் யோசிக்கிறான். நான் வேலை பார்த்த இடத்தில் அந்த ஒரு நொடியைக் குறைப்பதற்காகத்தான் மாதக்கணக்கில் உழைத்தோம்.

அட்மின் என்ற முறையில் எனக்குச் சட்டச் சிக்கல் வருமே என்று தனிமடலில் ஒருவர் எச்சரித்தார். வெறும் அட்மினாக மட்டும் இருந்தவரை, உறுப்பினர் எழுதியதற்காகக் குற்றவாளியாக்க முடியாது என்ற கருத்தைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் எடுத்திருக்கின்றன. சட்டம் என்னை விட்டுவிடும். என் கவலை அதுவன்று.

காயல்பட்டினம் வாசகர்:

நான் தாமிரபரணிக்காரனின் பக்கத்து ஊர்க்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கும் தெரு ஜமாஅத் குழு இருக்கிறது. எங்களுக்கும் இதே நோய் உண்டு.

2020 ஏப்ரலில், கொரோனாவைப் பரப்பியதாகப் பழி சுமத்தப்பட்ட தில்லி தப்லீக் மாநாட்டுக்குப் பிறகு, என்னவெல்லாம் அனுப்பப்பட்டன என்று உங்களுக்குத் தெரியும். பழத்தில் எச்சில் தடவுகிறார்கள், தட்டை நக்குகிறார்கள் என்று பழைய காணொளிகளைப் புதிது என்று பரப்பினார்கள். பல ஆண்டுகளாக எங்கள் கடையில் சாமான் வாங்கிய ஒரு குடும்பம் அந்த மாதம் வாசலோடு திரும்பிப் போனது. அவர்களைத் தவறாகச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் ஏதோ ஒரு குழுவில், அவர்கள் மதிக்கும் யாரோ ஒருவர் அனுப்பியிருப்பார். அவ்வாண்டு ஆகஸ்டில், மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றே எழுதியது. அந்தத் தீர்ப்பை எந்தக் குழுவும் இரட்டை அம்புக்குறியோடு பரப்பவில்லை.

அதே சமயம் எங்கள் பக்கத் தவற்றையும் சொல்ல வேண்டும். ரமலான் இருபத்தொன்பதாம் நோன்பின் மாலையில் எங்கள் குழுக்களைப் பார்த்திருக்க வேண்டும். இந்த ஊரில் பிறை தெரிந்துவிட்டது, அந்த ஊரில் தெரிந்துவிட்டது, நாளை பெருநாள் என்று சரமாரியாக வரும். சில முந்தைய ஆண்டின் அறிவிப்புகள், தேதியை மட்டும் மாற்றியவை. ஒரு முறை அதை நம்பி எங்கள் வீட்டில் பெருநாள் சமையலுக்கு அரிசி ஊறவைத்துவிட்டார்கள். மறுநாளும் நோன்புதான் என்று இரவு பத்து மணிக்குத் தெரிந்தது.

அதற்கு எங்கள் பெரியவர் ஒருவர் கண்ட தீர்வு எனக்குப் பிடித்தது. பிறை பார்த்ததற்கு மார்க்கத்தில் சாட்சி வேண்டும். பார்த்தவர் முன்வந்து, நான் இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இந்தத் திசையில் கண்டேன் என்று சொல்ல வேண்டும்; காஜி என்னும் மார்க்க நீதிபதி அவரை விசாரித்து ஏற்க வேண்டும். 'பார்த்ததாகச் சொன்னார்கள்' என்பது சாட்சியாகாது. ஒரு நாள் நோன்புக்கே இவ்வளவு விசாரணை வைத்த மார்க்கத்தில் பிறந்துவிட்டு, ஒரு மனிதனின் மானத்தையோ உயிரையோ பற்றிய செய்திக்குச் சாட்சி கேட்காமல் இருக்கலாமா என்று அவர் ஒரு வெள்ளிக்கிழமை எங்களிடம் கேட்டார். அன்று முதல் எங்கள் தெருக் குழுவில் ஃபார்வர்டு கிடையாது. சொல்ல வேண்டியதைச் சொந்த வாக்கியத்தில், யார் சொன்னது என்பதோடு சேர்த்து எழுத வேண்டும். குழுவைப் பூட்டவில்லை. முழுமையாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதிப் பேர் எழுதத் தொடங்கும்போதே, யார் சொன்னது என்ற இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

மலைக்கோட்டை வாசி:

காலை 7.15-க்கு வானொலியில் சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்த காலத்தில் வளர்ந்தவன் நான். செய்தி தொடங்கும், முடியும். முடிந்ததும் வானொலியை அணைத்துவிட்டு அப்பா குளிக்கப் போவார். இப்போது செய்தி முடிவதே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. குழுவில் செய்தியே வேண்டாம், நாளிதழ் வாங்குங்கள் என்பது என் கட்சி.

தாமிரபரணிக்காரன்:

ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

குழுவைப் பூட்டவில்லை. காயல்பட்டினத்துப் பெரியவரின் வழியை எடுத்துக்கொண்டேன். ஆனால் அதைக் குழுவில் ஓர் அறிவிப்பாகப் போடாமல், முதலில் பெரியப்பாவைப் பார்க்க ஊருக்குப் போனேன். மூத்தவரை 200 பேர் முன்னால் திருத்துவது முறையன்று. கிழக்குக் கரை நண்பர் சொன்ன குருவானவரும் மௌலவியும் நேரில் பேசிக்கொண்டது என் மனத்தில் இருந்தது. பெரியப்பாவிடம், அந்தப் பீகார்ப் பையன்கள் காட்டிய காணொளியையும் நம் குழுவில் வந்த காணொளியையும் அருகருகே வைத்து ஓடவிட்டேன். அவருக்கு இந்தி தெரியாது; எழுதியிருந்ததை நான் படித்துப் பொருள் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்தப் பையன்களில் ஒருவன் தனக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவன் என்றும், அவன் போன பிறகு தான் ஒரு முறைகூட அழைத்து விசாரிக்கவில்லை என்றும் சொன்னார். அன்று மாலையே கடை அண்ணனிடம் எண்ணை வாங்கி அவனை அழைத்தார். அவன் சூரத்தில் வேலையில் இருக்கிறானாம். இருவருக்கும் பொதுவான மொழி அவனுடைய அரைகுறைத் தமிழ்தான். பத்து நிமிடம் பேசினார்கள்.

விதியைக் குழுவில் அறிவித்தவர் பெரியப்பாவே. தன் குரலிலேயே பதிவுசெய்தார். சாமி படம் அனுப்பலாம், வீட்டுச் செய்தி சொல்லலாம், கோயில் கணக்குக் கேட்கலாம். வெளிச் செய்தியானால் கண்டவர் பெயர் சொல்லி எழுத வேண்டும், சாஸ்தா முன்னால் நின்று சொல்லத் தயங்குவதை இங்கேயும் சொல்ல வேண்டாம் என்றார். கடைசி வாக்கியத்தை நான் எழுதிக் கொடுக்கவில்லை.

முதல் வாரத்தில் மூன்று பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட்டார். இரண்டு பேர் வேறொரு குழு தொடங்கியிருக்கிறார்கள், அதில் எல்லாம் வழக்கம் போலவே நடப்பதாகக் கேள்வி. அது என் கையில் இல்லை. மலைக்கோட்டை வாசி சொன்னபடி பெரியப்பாவுக்கு ஒரு நாளிதழுக்கு ஏற்பாடு செய்தேன். இப்போது அதிலிருந்து ஒரு செய்தியைப் படம் பிடித்து, பத்திரிகையின் பெயரையும் தேதியையும் கையால் எழுதி அனுப்புகிறார். அதுவும் செய்திதான் என்றாலும் எதிர்த்துக் கேட்க ஒரு முகவரி இருக்கிறது என்பதால் விட்டுவிட்டேன்.

தகரக் கூரைக் கணக்கைச் சித்தப்பா மறுபடியும் கேட்டார். ரசீதுகளைப் பெரியப்பா மகன் குழுவில் போட்டார். ஒரு ரசீதில் கூட்டல் தவறு இருந்தது, 400 ரூபாய். கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த ஆண்டுப் பொங்கலுக்கு அரிசி எத்தனை படி என்ற பேச்சு நேற்று இரவு தொடங்கியிருக்கிறது.